வெள்ளையணு எவ்வளவு நேரம் சாகாமல் இருக்கிறது? டர்பன் ஆய்வகங்களுக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு செய்முறை

டர்பனில் நோயெதிர்ப்பியல் படிக்க வரும் தமிழ்ப் பிள்ளைகளில் இரண்டு வகை உண்டு. சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ முனைவர் பட்டத்துக்கு வருகிறவர்கள் ஒரு வகை. டர்பனின் புறநகர்களான சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் பிறந்து, வீட்டில் ஆங்கிலமும் கோயிலில் தமிழுமாக வளர்ந்தவர்கள் இன்னொரு வகை. இரு சாராரும் உம்பிலோ சாலைப் பக்கத்து ஆய்வகங்களில் காசநோய், எச்.ஐ.வி. என்று எதையாவது தொட்டதும் ஒரே கேள்வியில் வந்து நிற்பார்கள். கிருமி வந்துவிட்டது என்று ஏற்பி, அதாவது வெளிச் சேதியைப் பிடிக்கும் புரதம், சேதி சொன்னதும் வெள்ளையணுவின் ஆயுள் நீள்கிறதே, அதை எப்படி அளந்து காட்டுவது?

அதற்கான செய்முறை இது. நியூட்ரோபில்லை வைத்தே சொல்கிறேன். பெரியவர்களின் ரத்தத்தில் இருக்கும் வெள்ளையணுக்களில் பாதிக்கு மேல் அதுதான். ஒரு நாளில் விடை தெரிந்துவிடும். இன்னொரு வகை வெள்ளையணுவான லிம்போசைட்டைப் போல நாள்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டாம்.

இறங்குமுன்

நியூட்ரோபில் சாகத் தயாராகவே பிறக்கிறது. எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்குச் சுமார் 10,000 கோடி நியூட்ரோபில்களை உருவாக்கி அனுப்புகிறது. ஏறத்தாழ அதே எண்ணிக்கை தினமும் செத்தால்தான் கணக்கு நேராகும். ரத்தத்தில் அவை ஒரு நாள்கூடத் தாங்காது என்பது பாடநூல் கணக்கு. 2010-இல் கனநீர் கொடுத்துச் செய்த ஓர் ஆய்வு ஐந்து நாளுக்கு மேல் என்றது. அதை மறுத்தும் எழுதினார்கள். அந்தச் சண்டைக்குள் நாம் போக வேண்டாம். ரத்தத்திலிருந்து பிரித்து, ஊடகத்தில் (அணுக்களை வளர்க்கும் திரவத்தில்) போட்டு, 37 டிகிரியில் வைத்தால் ஒரு நாள் முடிவதற்குள் ஏறக்குறைய பாதியோ அதற்கு மேலுமோ சாவின் பாதையில் இறங்கிவிடும். நாம் அளக்கப்போவது இந்தச் சரிவை.

இது வெடித்துச் சிதறும் சாவல்ல. அணு சுருங்கும், கரு ஒற்றை உருண்டையாகத் திரளும், மேலுறை கிழியாமல் இருக்கும். 1972-இல் கெர், வில்லி, கரி மூவரும் அப்பாப்டோசிஸ் என்று பெயரிட்ட வகை. இதன் மரபணுக் கதையில் தென்னாப்பிரிக்காவுக்கு ஒரு பங்கு உண்டு. ஜோகன்னஸ்பர்க்கை அடுத்த ஜெர்மிஸ்டனில் 1927-இல் பிறந்து விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் படித்த சிட்னி பிரென்னர்தான், ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவை ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்தவர். அந்தப் புழு வளரும்போது உண்டாகும் 1,090 உடலணுக்களில் சரியாக 131 அணுக்கள் திட்டமிட்டபடி செத்துப்போகின்றன. அதைத் தொடர்ந்து போன பாதைக்காக 2002-இல் பிரென்னர், ஹார்விட்ஸ், சல்ஸ்டன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. சாவைத் தடுக்கும் புழு மரபணுவான செட்-9-க்கு மனிதரில் உள்ள உறவுக்காரர்தான் பி.சி.எல்.-2. நம் கதையின் நாயகனான எம்.சி.எல்.-1-உம் அதே குடும்பம்.

நியூட்ரோபில்லில் பி.சி.எல்.-2 அநேகமாக இல்லை. அதன் உயிர் எம்.சி.எல்.-1-ஐத்தான் பெரிதும் நம்பியிருக்கிறது. இந்தப் புரதத்தை அணு சில மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை, செய்யச் செய்யச் சிதைத்துவிடும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிற்க வேண்டுமானால் குழாய் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஏற்பி வழியாக வரும் சேதி அந்தக் குழாயைத் திறக்கிறது, சில சமயம் ஓட்டையையும் கொஞ்சம் அடைக்கிறது. ஜி.எம்.-சி.எஸ்.எஃப். என்ற சைட்டோகைன் (அணுக்கள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பும் புரதம்) எம்.சி.எல்.-1 சிதைவதையே மெதுவாக்குவது அப்படித்தான். சேதி நின்றால் எம்.சி.எல்.-1 வடிந்துவிடும். பாக்ஸ், பாக் என்ற புரதங்கள் மைட்டோகாண்ட்ரியாவைத் துளைக்கும். காஸ்பேஸ் நொதிகள் கிளம்பிவிடும், அதன் பிறகு திரும்ப வழியில்லை.

சேதியின் பாதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு வகை பாக்டீரியாவின் வெளியுறையில் இருக்கும் லிப்போபாலிசாக்கரைடை, ஆய்வகப் பேச்சில் எல்.பி.எஸ்.-ஐ, டோல் வகை ஏற்பி 4 அடையாளம் காண்கிறது. புரூஸ் பாய்ட்லர் குழு எலியில் இதை நிறுவியது 1998-இல். 2011 நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. ஏற்பியின் உள்பக்கத்தில் மைடி88 வந்து ஒட்டும், அதிலிருந்து ஐராக், டிராஃப்6 என்று கைமாறி என்.எஃப்.-கப்பா-பி கருவுக்குள் நுழையும், உயிர்காக்கும் புரதங்களின் மரபணுக்களை எழுப்பும். பக்கத்திலேயே பிஐ3 கைனேஸ், ஏ.கே.டி. என்று இன்னொரு பாதையும் ஓடுகிறது. இவ்வளவு போதும். பெயர்களை மனப்பாடம் செய்யும் வேலை பிறகு இருக்கட்டும்.

முதல் படி: கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள்

"எல்.பி.எஸ். நியூட்ரோபில்லைக் காப்பாற்றுகிறதா?" என்று எழுதினால் சோதனை பாதியில் குழம்பும். "தூய நியூட்ரோபில்லின் மீது நேரடியாகப் பட்ட எல்.பி.எஸ்., அப்பாப்டோசிஸ் தொடங்குவதை எத்தனை மணி நேரம் தள்ளிப்போடுகிறது?" என்று எழுதுங்கள். நேரடியாக என்ற சொல்லும் எத்தனை மணி நேரம் என்ற சொல்லும்தான் கீழே வரும் படிகளில் பாதியை முடிவு செய்கின்றன. ஏற்பி யாருக்கும் சாகாவரம் கொடுப்பதில்லை, தவணை கொடுக்கிறது. அந்தத் தவணையின் நீளத்தையும் அதை வாங்கிக் கொடுத்தவர் யார் என்பதையும் காட்டாத சோதனையை நான் பாதிச் சோதனையாகத்தான் எண்ணுவேன்.

இரண்டாம் படி: அனுமதி, ரத்தம் தருபவர்

குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகமானால் உயிர்மருத்துவ ஆய்வு நெறிமுறைக் குழுவின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் ஒரு மில்லி ரத்தம்கூட எடுக்கக் கூடாது. பக்கத்து மேசை நண்பர் கையை நீட்டினாலும் அப்படித்தான். மனிதத் திசு சம்பந்தப்பட்ட எல்லாம் 2003-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதாரச் சட்டத்துக்குள் வரும். பெயர், வயது, நோய் விவரங்கள் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும். ஆகவே குழாயில் பெயர் எழுதாதீர்கள், குறியீட்டு எண் மட்டும் போதும். ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தோடு ஜூலுவிலும் இருக்கட்டும். ஊரிலிருந்து வந்தவர்கள் குறைந்தபட்சம் "சாவுபோனா" சொல்லப் பழகுங்கள். ஊசியோடு வருகிறவர் முதலில் வணக்கம் சொல்வதுதான் மரியாதை. சாட்ஸ்வொர்த் பெரியவர்களாக இருந்தால் அங்கிள், ஆன்ட்டி என்றே கூப்பிடலாம், இங்கே அதுதான் வழக்கம்.

யாரிடம் எடுப்பது என்பதில் கவனம் வேண்டும். காய்ச்சல், பல்வலி, ஸ்டீராய்டு மாத்திரை என்று எது இருந்தாலும் அன்று வேண்டாம். ஸ்டீராய்டு தானாகவே நியூட்ரோபில்லின் சாவைத் தள்ளிப்போடும். இயோசினோபில் என்ற வேறு வகை வெள்ளையணுவுக்கு நேரெதிராக வேலை செய்யும். காம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டத்துக்குப் பயிற்சி எடுக்கிறவர் காலையில் நீண்ட தூரம் ஓடிவிட்டு வந்திருந்தால் அவர் ரத்தத்தில் நியூட்ரோபில் எண்ணிக்கை எகிறியிருக்கும், இன்னொரு நாள் வரச் சொல்லுங்கள். தைப்பூசத்துக்கு அலகு குத்திக் காவடி எடுத்தவரையும் காயம் ஆறும்வரை விட்டுவிடுங்கள். தோலில் புண் இருக்கும்போது அவருடைய நியூட்ரோபில்கள் ஏற்கெனவே சேதி கேட்டவையாக இருக்கக் கூடும். நீங்கள் தட்டில் கொடுக்கும் சேதி இரண்டாவதாகிவிடும்.

உள்ளூர் விஷயம் இன்னொன்று. ஆப்பிரிக்க வம்சாவளியினர் பலருக்கு டஃபி என்ற ரத்த வகைக் குறி சிவப்பணுவில் இருப்பதில்லை. அவர்களுக்கு நியூட்ரோபில் எண்ணிக்கை இயல்பிலேயே குறைவாக இருக்கும். அது நோயல்ல. ஐரோப்பியரை வைத்துப் போட்ட அளவுகோலைப் பார்த்து "குறைபாடு" என்று எழுதிவிடாதீர்கள். ஆனால் அவரிடமிருந்து கிடைக்கும் அணுக்கள் குறையும் என்பதால் ரத்தத்தின் அளவை முன்கூட்டியே கணக்கிட்டு ஒப்புதலில் குறிப்பிட வேண்டும்.

பாதுகாப்பு பற்றி ஒரே பத்தி. எந்தக் குழாயையும் தொற்று உள்ளதாகவே நினைத்துக் கையாளுங்கள். குவாசுலு-நட்டால் எச்.ஐ.வி. மிகுந்த மாகாணம். ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி முடித்த பிறகுதான் ஆய்வகத்துக்குள் நுழைய வேண்டும். ஊசி குத்திவிட்டால் வெட்கப்படாமல் உடனே சொல்லுங்கள், எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை.

மூன்றாம் படி: பிரித்தெடுத்தல்

ரத்தம் எடுத்து ஓரிரு மணி நேரத்துக்குள் தொடங்கிவிடுங்கள். நியூட்ரோபில்லை உறையவைத்துச் சேமித்து இன்னொரு நாள் எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணமே வேண்டாம். லிம்போசைட் அந்தக் கொடுமையைத் தாங்கும், இது தாங்காது.

பழைய முறை எளியது. டெக்ஸ்ட்ரான் கலந்து அரை மணி, முக்கால் மணி நேரம் அசையாமல் நிறுத்தினால் சிவப்பணுக்கள் பெரும்பாலும் கீழே இறங்கும். மேலே தெளிந்ததை எடுத்து, 1.077 அடர்த்தியுள்ள ஃபிக்கால் என்ற திரவத்தின் மீது மெதுவாகப் படரவிட்டுச் சுழற்றுங்கள். சுழற்சி நிற்கும்போது பிரேக் போடக் கூடாது, அடுக்குகள் கலங்கிவிடும். லிம்போசைட்டும், மோனோசைட் என்ற வெள்ளையணுவும் நடுவில் வெண்மையான வளையமாக நிற்கும். நியூட்ரோபில்கள் அடியில், மிச்சச் சிவப்பணுக்களோடு இருக்கும். அந்தச் சிவப்பணுக்களை உப்புக் குறைந்த நீரில் அரை நிமிடம் வெடிக்கவிட்டு, உடனே உப்பை ஈடுகட்டுங்கள். அரை நிமிடம் என்றால் அரை நிமிடம்தான். அந்நேரம் கைபேசி அடித்தால் அடிக்கட்டும்.

எந்தக் கட்டத்திலும் வோர்டெக்ஸ் கருவியில் வைத்து உலுக்காதீர்கள். கழுவும் திரவத்தில் கால்சியமும் மக்னீசியமும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இருந்தால் அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டும். முரட்டுத்தனமாகக் கையாளப்பட்ட நியூட்ரோபில் எல்.பி.எஸ். இல்லாமலேயே விழித்துக்கொள்ளும்.

நான்காம் படி: கேட்டது யார் காது?

மொத்தச் செய்முறையில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். அவசரப்படுகிறவர்கள் தாண்டிப் போவதும் இதையேதான்.

மேலே சொன்ன முறையில் 95 சதவீதத்துக்கு மேல் தூய்மை கிடைக்கும். பெரும்பாலான கட்டுரைகளில் அதை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். மிச்சத்தில் பெரும்பகுதி இயோசினோபில். ஆனால் ஒரு சதவீதமோ அதற்கும் குறைவாகவோ மோனோசைட் ஒளிந்திருக்கும். எல்.பி.எஸ். பட்டால் மோனோசைட் நியூட்ரோபில்லை விடப் பல மடங்கு சைட்டோகைன்களைக் கொட்டும். அந்தச் சைட்டோகைன்களைக் கேட்டு நியூட்ரோபில் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். நீங்களோ "டோல் ஏற்பி 4 நியூட்ரோபில்லின் ஆயுளை நீட்டியது" என்று எழுதியிருப்பீர்கள்.

இயன் சப்ரோ குழு 2003-இல் காட்டியது இதைத்தான். காந்த மணிகளால் மிகத் தூய்மையாகப் பிரித்த நியூட்ரோபில்களுக்கு எல்.பி.எஸ். சில மணி நேரம்தான் தவணை வாங்கிக் கொடுத்தது. அடுத்த நாள் வரை நீளும் பாதுகாப்புக்குக் கூட்டத்தில் மோனோசைட் இருக்க வேண்டியிருந்தது. ஆக, தவணையில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. முதல் பகுதியை நியூட்ரோபில்லின் சொந்த ஏற்பி வாங்குகிறது. இரண்டாவதை அண்டை வீட்டுக்காரர் வாங்கித் தருகிறார். உடலுக்குள் இரண்டும் சேர்ந்தே நடக்கும், அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் எது எது என்று பிரித்துச் சொல்லும் பொறுப்பு சோதனை செய்கிறவருடையது.

எனவே ஒரே ரத்தத்திலிருந்து மூன்று குழு வையுங்கள். ஃபிக்காலிலிருந்து வந்த சாதாரண நியூட்ரோபில் ஒன்று. அதையே மறுபடி காந்த மணிகளால் மற்ற அணுக்களை நீக்கித் தூய்மையாக்கியது இரண்டாவது. மூன்றாவதாக, அந்தத் தூய அணுக்களோடு நடு வளையத்திலிருந்து எடுத்த மோனோசைட்டை அறிந்த அளவில், ஒரு சதவீதம், ஐந்து சதவீதம் என்று வேண்டுமென்றே கலந்தது. மணிகளின் விலை அதிகம்தான். ராண்டை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் ஆய்வகத்தில் மேற்பார்வையாளர் முகம் சுளிப்பார். மோனோசைட் குழுவின் வளைகோட்டைக் காட்டினால் சுளிப்பு மறையும்.

எல்.பி.எஸ். பாட்டிலையும் சந்தேகியுங்கள். சாதாரண எல்.பி.எஸ்.-இல் பாக்டீரியாவின் லிப்போபுரதத் துணுக்குகள் கலந்திருக்கும். அவை ஏற்பி 4-ஐ விட்டுவிட்டு ஏற்பி 2-ஐத் தட்டும். மறுதூய்மை செய்ததையே வாங்குங்கள். இன்னொரு பக்கம், நீங்கள் வேறு எதையோ சோதிக்கும்போது உங்கள் ஊடகத்திலேயே எல்.பி.எஸ். இருக்கலாம். நீர், சீரம், புரதக் கரைசல் என்று எதில் வேண்டுமானாலும் ஒளிந்திருக்கும். சாதாரண ஆட்டோகிளேவ் அதை நம்பும்படி அழிக்காது. குதிரைலாட நண்டின் ரத்தத்திலிருந்து செய்யும் லிமுலஸ் சோதனையை ஒவ்வொரு புதுத் தொகுதிக்கும் செய்து பார்த்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: சோதனைத் தட்டு, நேரம்

ஆர்.பி.எம்.ஐ. ஊடகம், 10 சதவீதம் கன்றுச் சீரம், மில்லிக்குப் பத்து லட்சம் அணுக்கள், 37 டிகிரி, 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. சீரத்தை விட்டுவிடாதீர்கள்; குறைந்த அளவு எல்.பி.எஸ்.-ஐ எடுத்து ஏற்பியிடம் கொடுக்கும் புரதம் அதில்தான் வருகிறது. எல்.பி.எஸ். மில்லிக்கு 1, 10, 100 நானோகிராம் என்று மூன்று அளவில் போடுங்கள். ஒரே அளவில் செய்து முடித்துக்கொள்ளும் பழக்கம் வேண்டாம்.

தட்டில் ஒப்பீட்டுக் குழிகள் நான்கு அவசியம். வெறும் ஊடகம். ஆயுளை நிச்சயம் நீட்டும் ஜி.எம்.-சி.எஸ்.எஃப். நிச்சயம் சாகடிக்கும் ஏதாவது ஒன்று. புரத உற்பத்தியை நிறுத்தும் சைக்ளோஹெக்ஸிமைடு இதற்கு நன்றாகப் பொருந்தும், எம்.சி.எல்.-1 வடிந்துபோவதை நேரிலேயே காட்டும். கடைசியாக, மருந்துகளைக் கரைக்க டி.எம்.எஸ்.ஓ. என்ற திரவத்தைப் பயன்படுத்தினால் அது மட்டும் போட்ட குழி.

0, 4, 8, 12, 20, 24 மணி நேரத்தில் எடுங்கள். இரவு தங்க வேண்டியிருக்கும். இதில் பேரம் பேசாதீர்கள். பேச்சுக்கு ஓர் எடுத்துக்காட்டு: 20 மணி நேரத்தில் ஊடகக் குழியில் 40 சதவீதம் உயிரோடு, எல்.பி.எஸ். குழியில் 65 சதவீதம். அந்த ஒரு புள்ளியை வைத்து, சாவு தாமதமாகத் தொடங்கியதா, தொடங்கிய பிறகு மெதுவாக நடந்ததா, ஒரு பகுதி அணுக்கள் மட்டும் தப்பித்தனவா என்று சொல்லவே முடியாது. வளைகோடு மொத்தமாக வலப்பக்கம் நகர்ந்திருந்தால் ஒரு கதை, சரிவு மட்டும் குறைந்திருந்தால் வேறு கதை.

டி.என்.எஃப். என்ற சைட்டோகைன் இதற்குச் சரியான பாடம். அதைப் போட்டால் முதல் சில மணி நேரத்தில் சாவு கூடும். தப்பிப் பிழைத்த அணுக்களோ ஊடகக் குழியை விட நீண்ட நேரம் வாழும். 6-ஆம் மணி நேரத்தில் பார்த்தவர் கொலைகாரன் என்பார், 20-ஆம் மணி நேரத்தில் பார்த்தவர் காப்பாளன் என்பார். ஏற்பிகளும் அப்படியே. எல்.பி.எஸ். மட்டும் கொடுத்தால் ஆயுள் நீளும். முழு பாக்டீரியாவைக் கொடுத்து நியூட்ரோபில் அதை விழுங்கிவிட்டால், விழுங்கியதே சாவை விரைவுபடுத்தும். கிருமியைக் கொன்ற அணு ஒழுங்காகச் செத்து, மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் அணுவால் விழுங்கப்பட்டால்தான் அழற்சி அடங்கும். வயதான நியூட்ரோபில்களை மேக்ரோஃபேஜ் விழுங்குவதை ஜான் சாவில் குழு 1989-இல் விவரித்தது. எடின்பரோவில் 2006-இல் அடுத்த அடி வைத்தார்கள்: நியூட்ரோபில்லைச் சாகவைக்கும் மருந்தை அழற்சி உள்ள எலிக்குக் கொடுத்தபோது அழற்சி சீக்கிரம் வடிந்தது. ஆயுள் நீள்வது எப்போதும் நல்ல செய்தி என்று நினைப்பவர்கள் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மின்வெட்டு. 2023-இன் கோரம் இப்போது இல்லை என்றாலும் லோட் ஷெடிங் அட்டவணையைப் பார்க்காமல் 24 மணி நேரச் சோதனை தொடங்கக் கூடாது. ஜெனரேட்டர் வந்து பிடிக்கும் வரை இன்குபேட்டர் கதவைத் திறக்காதீர்கள். உள்ளே வெப்பநிலைப் பதிவி ஒன்று வையுங்கள். குளிர்ந்தால் அப்பாப்டோசிஸ் மெதுவாகும். இரண்டு மணி நேரம் மின்சாரம் போன இரவில் எல்லாக் குழியிலும் அணுக்கள் நன்றாக வாழ்ந்திருக்கும், காரணம் புரியாமல் மகிழ்ந்துபோவீர்கள். கார்பன் டை ஆக்சைடு போனால் ஊடகத்தின் நிறம் ஊதாப் பக்கம் திரும்பியிருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: எண்ணுதல்

அன்னெக்சின் வி, புரோப்பிடியம் அயோடைடு என்ற இரட்டைச் சாயமும், அணுக்களை ஒவ்வொன்றாக எண்ணும் ஃப்ளோ சைட்டோமீட்டரும்தான் வழக்கம். சாகத் தொடங்கிய அணு உள்பக்கக் கொழுப்பான பாஸ்படைடில்செரினை வெளிப்பக்கம் திருப்பும், அன்னெக்சின் அதில் ஒட்டும். உறை கிழிந்த பிறகுதான் புரோப்பிடியம் உள்ளே போகும். இரண்டும் ஒட்டாதவை உயிருள்ளவை, அன்னெக்சின் மட்டும் ஒட்டியவை அப்பாப்டோசிஸில் இருப்பவை. அன்னெக்சினுக்குக் கால்சியம் தேவை. கடைசிக் கழுவலில் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ. மிச்சம் இருந்தால் எல்லா அணுவும் உயிரோடு இருப்பது போலத் தெரியும். அழகான, பொய்யான விடை.

சதவீதத்தை மட்டும் நம்பக் கூடாது. எல்.பி.எஸ். பட்ட நியூட்ரோபில் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும், பிப்பெட்டுக்கு வராது. முழுக்கச் செத்தவை துகளாகிக் கணக்கிலிருந்தே நழுவும். மோனோசைட் இருந்தால் மேக்ரோஃபேஜாக மாறிச் சிலவற்றை விழுங்கியும் விடும். எனவே எண்ணிக்கை தெரிந்த மணிகளைக் குழாயில் கலந்து, மொத்த உயிரணுக்கள் எத்தனை என்பதையும் எடுங்கள். ஒட்டுதலைக் குறைக்கப் பாலிப்ரொப்பிலீன் குழாய் உதவும்.

கூடவே ஒரு துளியைக் கண்ணாடிச் சில்லில் சுழற்றிப் பதித்துச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பாருங்கள். உயிருள்ள நியூட்ரோபில்லின் கரு மூன்று நான்கு மடலாக இருக்கும், சாகப்போவதில் இருண்ட ஒற்றை உருண்டையாக இருக்கும். எந்தச் சில்லு எந்தக் குழி என்று தெரியாமல் வேறொருவர் எண்ணட்டும். பல லட்ச ராண்டு இயந்திரத்தின் விடையும் இந்தச் சில்லும் முரண்பட்டால், என் ஓட்டு சில்லுக்குத்தான்.

புள்ளிவிவரத்தில் ஒரே விதி. ஒருவரின் ரத்தத்தில் மூன்று குழி வைத்தால் எண்ணிக்கை மூன்றாகாது, ஒன்றுதான். ஆறு பேரிடம் தனித்தனி நாளில் செய்யுங்கள். ஒவ்வொருவரின் எல்.பி.எஸ். குழியையும் அவருடைய சொந்த ஊடகக் குழியோடு மட்டும் ஒப்பிடுங்கள். ஆளுக்கு ஆள் வேறுபாடு பெரிதாக இருக்கும், சராசரியில் கரைத்துவிடாமல் கோடுகளாக வரைந்து காட்டுங்கள்.

ஏழாம் படி: எந்தப் பாதை வழியாக?

ஆயுள் நீண்டது என்று தெரிந்த பிறகு, பாதையை அடைத்துப் பாருங்கள். ஏற்பி 4-க்கு எதிரான ஆன்டிபாடி, என்.எஃப்.-கப்பா-பி தடுப்பான், பிஐ3 கைனேஸ் தடுப்பான். இங்கே ஒரு பொறி இருக்கிறது. என்.எஃப்.-கப்பா-பி-யைத் தடுத்தால் எல்.பி.எஸ். போடாத நியூட்ரோபில்லும் வேகமாகச் சாகும். "தடுப்பான் போட்டதும் எல்.பி.எஸ். பயன் போய்விட்டது" என்று எழுதுமுன், தடுப்பான் மட்டும் போட்ட குழியைப் பாருங்கள். பிறகு 2, 4, 8 மணி நேரத்தில் புரதத்தின் அளவைக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் செய்து எம்.சி.எல்.-1 எவ்வளவு நிற்கிறது என்று பாருங்கள். நியூட்ரோபில் முழுக்கப் புரதம் அறுக்கும் நொதிகள் இருப்பதால், அணுவை உடைக்கும் திரவத்தில் சாதாரணத் தடுப்பான் கலவை போதாது, டி.எஃப்.பி. போன்ற வலுவான நொதித் தடுப்பானைச் சேர்க்க வேண்டும். அது நச்சு, புகைக்கூண்டுக்குள் மட்டும் கையாள வேண்டும்.

லிம்போசைட் பற்றி ஆய்வுசெய்ய வந்தவர்களுக்கு இரண்டு வரி. லிம்போசைட்டில் ஒரு வகையான பி அணுவின் ஏற்பியை வளர்ந்த எலியில் நீக்கினால் அந்த அணுவே காணாமல் போகிறது என்று ரஜேவ்ஸ்கி குழு 1997-இல் காட்டியது. கிருமி எதுவும் வராத நாளிலும் ஏற்பி மெல்லிய குரலில் ஏதோ சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். 2009-இல் பிஐ3 கைனேஸ் பாதையை மட்டும் தூண்டிவிட்டு அதே அணுக்களைக் காப்பாற்றினார்கள். நாள்பட்ட லிம்போசைட் ரத்தப் புற்றில் அந்தக் குரலை அடைக்கும் இப்ருட்டினிப்பும், பி.சி.எல்.-2-ஐ நேரடியாகப் பிடிக்கும் வெனெட்டோக்ளாக்ஸும் இந்த அறிவிலிருந்து முளைத்த மருந்துகள். இன்னொரு வகையான டி அணுவில் சி.டி.28 என்ற துணை ஏற்பியும் சேர்ந்து சேதி கொடுத்தால், பி.சி.எல்.-2 குடும்பத்துக் காப்புப் புரதமான பி.சி.எல்.-எக்ஸ்.எல். கூடும். அளக்கும் முறை மேலே சொன்னதுதான், கடிகாரம் மட்டும் மெதுவாக ஓடும்.

எட்டாம் படி: நோயாளியின் பிளாஸ்மா

இது டர்பனில் செய்தால்தான் அர்த்தம் கூடும் சோதனை. லண்டனிலும் கேப் டவுனிலும் திரட்டிய ரத்தத்தை வைத்து 2010-இல் வந்த ஆய்வு, காசநோய் முற்றியவர்களின் ரத்தத்தில் இன்டர்ஃபெரான் என்ற சைட்டோகைனால் தூண்டப்பட்ட மரபணுக்கள் ஓங்கியிருப்பதையும், அந்தக் கூச்சலில் பெரும்பங்கு நியூட்ரோபில்லுடையது என்பதையும் காட்டியது. முதல் வகை இன்டர்ஃபெரான் நியூட்ரோபில்லின் சாவைத் தள்ளிப்போடவும் செய்யும். அப்படியானால் நோயாளியின் பிளாஸ்மா, ஆரோக்கியமானவரின் தூய நியூட்ரோபில்லுக்கு எவ்வளவு தவணை வாங்கிக் கொடுக்கிறது?

செய்முறை அதேதான். கன்றுச் சீரத்துக்குப் பதிலாக 10 சதவீதம் நோயாளி பிளாஸ்மா. இணையாக, அதே வயது, அதே பாலினத்தவரான நோயற்றவரின் பிளாஸ்மா. இன்டர்ஃபெரான் ஏற்பியை அடைக்கும் ஆன்டிபாடி ஒரு குழியில், அதே வகையைச் சேர்ந்த ஆனால் எதையும் பிடிக்காத ஆன்டிபாடி பக்கத்துக் குழியில். காசநோய் மருந்து தொடங்குமுன் எடுத்த பிளாஸ்மாவும், சிகிச்சை முடிந்த பின் அதே நோயாளியிடம் எடுத்ததும் கிடைத்தால் இணையே தேவையில்லை, அவரே அவருக்கு ஒப்பீடு. எச்.ஐ.வி. நிலையையும், குடிக்கும் மருந்துகளையும் குறியீட்டு எண்ணோடு சேர்த்துப் பதிவு செய்யுங்கள். எச்.ஐ.வி. உள்ளவர்களின் நியூட்ரோபில் சீக்கிரம் சாகும் போக்கு உண்டு என்பதால் அணுவை எப்போதும் ஆரோக்கியமானவரிடமிருந்தே எடுங்கள், பிளாஸ்மா மட்டும் மாறட்டும்.

பிளாஸ்மாவை எடுத்த அன்றே இரண்டு முறை சுழற்றிப் பிளேட்லெட்டுகளை நீக்கி, சிறு சிறு குழாய்களாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். ஒரு குழாயை ஒரே தடவைதான் உருக்க வேண்டும். மிச்சத்தைத் திரும்ப உறையவைக்காமல் கழிவுப் பெட்டியில் போட்டுவிடுங்கள்.